கரிப்புகையில் பஸ் ஓட்டிய மதுரைக்காரர்

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் நகரத்தை விட்டதும் வரும் ஊர் விளாங்குடி. ஒரு காலத்தில் கண்மாயும் வயலுமாக இருந்த இடம். 2011ஆம் வருஷம் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. வயல்களில் பல வீட்டு மனைகளாகிவிட்டன. ஆனாலும் சுற்றுப்புறத்தில் உழவுத் தொழிலை விடாதவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், ரோட்டோரப் பட்டறை ஒன்றில், ஒரு பழைய டிராக்டரைப் பிரித்துப் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா வாங்கிய வண்டி. விற்றுவிட மகனுக்கு மனமில்லை. எஞ்சினை இறக்கி, பிஸ்டன்களை உருவி, சாமான்களை டீசலில் கழுவிச் சாக்கின்மேல் பரப்பியிருக்கிறார்கள். சொந்தக்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறார். அவர் மனசில் ஒரே ஒரு கேள்விதான். பிரித்ததுதான் பிரித்தோம், இந்த 35 குதிரைசக்தி வண்டியை 40 ஆகவோ 45 ஆகவோ ஆக்கிவிட முடியாதா?

ஏறக்குறைய 80 வருஷங்களுக்கு முன்னால் இதே மதுரையில் இந்தக் கேள்விக்கு விடை தேடவேண்டிய கட்டாயம் ஒருவருக்கு வந்தது. அவரிடம் இருந்தது ஒரு வண்டியல்ல. பெரிய பஸ் கூட்டமே இருந்தது. அவருடைய எஞ்சின்கள் பழையவை என்பதோடு கஷ்டம் நின்றுவிடவில்லை. அவற்றுக்கு ஊற்றப் பெட்ரோலும் இல்லை. பெட்ரோலுக்குப் பதிலாக அடுப்புக்கரியை எரித்து அவர் பஸ் ஓட்டினார். கரியில் ஓட்டியதால் போன குதிரைசக்தியை முடிந்தவரை திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவர்தான் டி.வி. சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்று மூன்று எழுத்துச் சொன்னால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் இருந்த மனிதரை இன்று பலருக்குத் தெரியாது.

திருக்குறுங்குடிப் பிள்ளை

டி என்ற எழுத்து திருக்குறுங்குடியைக் குறிப்பது. திருநெல்வேலிச் சீமையில், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வைணவத் திருப்பதி. நம்பி கோயிலால் பெயர் பெற்றது. அந்த ஊரில் 1877ஆம் வருஷம் மார்ச் மாதம் 22ந் தேதி சுந்தரம் பிறந்தார்.

அவர் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு, 1876ல், ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் ஓர் எஞ்சினைச் செய்து முடித்திருந்தார். பிஸ்டன் மேலும் கீழுமாக நான்கு தடவை நகர்ந்தால் ஒரு சுற்று வேலை முடியும். முதலில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சும். இரண்டாவது தடவை அதை அமுக்கும். மூன்றாவதில் கலவை வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும். நான்காவதில் புகையை வெளியே தள்ளும். இன்றைக்கும் பெட்ரோல் கார், டீசல் டிராக்டர் எல்லாம் இந்த நாலு தடவைக் கணக்கில்தான் ஓடுகின்றன. திருக்குறுங்குடியில் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் அந்த எஞ்சினுக்கும் பிற்காலத்தில் இப்படி ஒரு உறவு ஏற்படும் என்று யார் கண்டார்கள்?

சுந்தரம் சட்டம் படித்தார். வக்கீலாகத் தொழில் ஆரம்பித்தார். பிறகு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். அப்புறம் ஒரு பாங்கியில் வேலை. அந்தக் காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இவை மூன்றுமே பெரிய அந்தஸ்து. மாதம் பிறந்தால் சம்பளம்; ஊரில் மரியாதை. வீட்டார் வேறென்ன கேட்பார்கள்?

ஆனால் அவர் அதை எல்லாம் விட்டுவிட்டார். 1911ல், 34 வயதில், சொந்தமாக ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். மறு வருஷம், 1912ல், மோட்டார் பஸ் ஓட்டத் துணிந்தார். தென்னாட்டில் மோட்டார்ப் போக்குவரத்துக்கு அடிகோலியவர் என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

மோட்டார் என்றால் பயம்

1912 என்றால் எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஜனங்களுக்குத் தெரிந்த வாகனம் மாட்டு வண்டி. வசதியுள்ளவர்களுக்கு ஜட்கா. தூரப் பிரயாணத்துக்கு ரயில். ரயில் போகாத ஊருக்கு நடராஜா சர்வீஸ்தான்.

அந்த நாளைய மோட்டாருக்கு முன்னால் நின்று, இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டும். அஜாக்கிரதையாக இருந்தால் கைப்பிடி எதிர்த்து அடித்துச் சுற்றுகிறவர் மணிக்கட்டை ஒடித்துவிடும். பொத்தானைத் தொட்டுக் கிளப்பும் வசதி அமெரிக்காவில் காடிலாக் காரில் வந்ததே அந்த 1912ல்தான். ரோடுகளோ கப்பி ரோடு. மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி. மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும். ஒரு ஆணி போதும், டயர் பஞ்சராகி பஸ் நடுவழியில் நின்றுவிடும்.

இந்த ஆணிகளைப் பொறுக்குவதற்காகவே காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ஐயங்கார் ரோட்டில் ஓட்டச் செய்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவருடைய பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள். மதுரைப் பக்கத்தில் இந்த இரண்டு கதைகளையும் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு.

கதை எப்படியானாலும் அதன் உட்பொருள் உண்மை. பஸ் நேரத்துக்கு வரவேண்டுமானால் வழியில் நிற்கக் கூடாது. வழியில் நிற்காமல் இருக்கவேண்டுமானால் பட்டறையில் ஒழுங்காகப் பார்த்து அனுப்ப வேண்டும். ஆகவே பஸ் முதலாளி பட்டறை முதலாளியாகவும் ஆகவேண்டியிருந்தது. மதுரை மேல வெளி வீதியில் டி.வி.எஸ். கட்டிடம் ஊருக்கே அடையாளமாயிற்று. சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடின. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வண்டிகளை விற்கும் பொறுப்பும் கிடைத்தது. விற்பதோடு கை கழுவிவிடாமல், விற்ற வண்டியைப் பழுது பார்ப்பதும், உதிரிச் சாமான் கொடுப்பதும் தன் வேலை என்று அந்த ஸ்தாபனம் எடுத்துக்கொண்டது.

குதிரைசக்தி எங்கே போகிறது?

இந்த இடத்தில் குதிரைசக்தி என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் என்பவர் தம்முடைய நீராவி யந்திரத்தை விற்பதற்காகப் போட்ட கணக்கு அது. ஒரு நிமிஷத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் வேலை ஒரு குதிரைசக்தி. குதிரையை வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிந்தது.

எஞ்சினில் இந்தச் சக்தி எப்படிக் கூடுகிறது? சிலிண்டர் பெரிதானால் கூடும். அது வேகமாகச் சுற்றினால் கூடும். கலவையை அதிகமாக அமுக்கி வெடிக்க வைத்தால் கூடும். செவர்லே வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929ல் அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் 46 குதிரைசக்தி கொடுத்தது. 1937ல் அதே ஜாதி எஞ்சின் 85 கொடுத்தது. இடையில் சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள், 5 மடங்கு அமுக்கியதை 6 மடங்குக்கு மேல் அமுக்கினார்கள், வேகத்தையும் கூட்டினார்கள்.

இது தொழிற்சாலையில் புதிதாகச் செய்யும்போது. ஓடி ஓடித் தேய்ந்த எஞ்சினில் நடப்பது இதற்கு நேர் எதிர். ரிங் தேய்ந்தால் அமுக்கிய காற்று பக்கவாட்டில் நழுவும். வால்வு சரியாக உட்காராவிட்டால் அங்கேயும் கசியும். ரேடியேட்டரில் உப்புப் படிந்தால் சூடு ஏறும். காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். 50 குதிரை இருந்த இடத்தில் 40 கூட இருக்காது. ஓட்டுகிறவருக்குத் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் பழகிவிடும். மேட்டில் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பஸ் கம்பெனிப் பட்டறையின் வேலை, நாள்தோறும் நழுவிப்போகும் இந்தக் குதிரைகளைப் பிடித்துக் கட்டுவதுதான். இதில் பழகிய கைகள் மதுரையில் நிறையச் சேர்ந்தன. யுத்தம் வந்தபோது அந்தக் கைகள்தான் உதவின.

பெட்ரோல் வற்றியது

இரண்டாவது உலக யுத்தம் 1939ல் மூண்டது. 1941ல் நம் நாட்டில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942ல் நிலைமை இன்னும் மோசம். பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு மலேயா ரப்பர் போயிற்று. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரலில், ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று பின்வாங்கிய பிரிட்டிஷார், பர்மாவின் ஏனான்ஜாவுங் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே அழித்துவிட்டார்கள். இந்தியாவுக்கு அருகில் இருந்த எண்ணெய் அது.

சென்னை மாகாணத்தில் பெட்ரோல் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. இருந்ததையும் சேனை கொண்டுபோயிற்று. பஸ் நின்றால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கர்ப்பிணி ஊரிலேயே கிடக்க வேண்டும். சந்தைக்குப் போகவேண்டிய காய்கறி அழுகும். கடிதம் வராது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் வேலை இருக்காது. ஐயங்காருக்கு அப்போது 65 வயது. சம்பாதித்தது போதும் என்று பஸ்களை ஷெட்டில் பூட்டிவிட்டு ஓய்வெடுத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் பூட்டவில்லை. டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற கருவியைத் தயாரிக்கச் செய்தார்.

பஸ்ஸின் முதுகில் அடுப்பு

அந்தக் கருவி உண்மையில் ஒரு பெரிய இரும்பு அடுப்பு. பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு நிற்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி மூடிவிடுவார்கள். கரி தாராளமாக எரிந்தால் வருவது கரியமில வாயு. அது எதற்கும் உதவாது. ஆனால் காற்றை அளந்து குறைவாக விட்டால் கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அது தீப்பிடித்து எரியும். கரியில் உள்ள ஈரத்திலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜனும் சேரும். இந்தக் கலவையைக் குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொண்டுபோனால் பெட்ரோலுக்குப் பதிலாக அது வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும்.

இந்த யோசனை உலகத்துக்குப் புதிதல்ல. ஜார்ஜ் இம்பெர்ட் என்ற ரசாயன நிபுணர் 1920களிலேயே ஐரோப்பாவில் விறகில் மோட்டார் ஓட்டும் கருவியைத் திருத்தமாகச் செய்திருந்தார். யுத்த காலத்தில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் லட்சக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. சுவீடனில் கார், லாரியோடு டிராக்டர்களையும் இப்படி மாற்றினார்கள். விறகை எரித்து நிலத்தை உழுதார்கள். தமிழ்நாட்டில் அந்தத் தேவையை உணர்ந்து, இங்கே கிடைக்கும் கரிக்கும் இங்கே ஓடும் பஸ்ஸுக்கும் ஏற்றபடி கருவி செய்து கொடுத்தது மதுரை.

காலையில் பஸ் கிளம்புவதற்கு முன்னால் ஒரு பையன் விசிறிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான். கரி கனன்று நல்ல வாயு வரும்வரை சுற்ற வேண்டும். அப்புறம்தான் எஞ்சின் கிளம்பும். பஸ் நின்ற இடத்தில் எல்லாம் சாம்பலும் கரித்தூளும். வெள்ளை வேஷ்டி கட்டிக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்தவர்கள் பாடு கேட்க வேண்டாம். ஆனால் பஸ் ஓடியது.

போன குதிரையும் மீண்ட குதிரையும்

ஓடியதே தவிர, பழைய தெம்பு இல்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. அடுப்பில் விடும் காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன். அது எரியாமல் அப்படியே குழாய் வழியாக எஞ்சினுக்குள் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். வாயுவில் பாதிக்கு மேல் இந்த வெட்டி ஆசாமிதான். ஆகவே ஒரு சிலிண்டர் நிறையப் பெட்ரோல் கலவையில் 100 பங்கு சூடு இருந்தால், அதே அளவு கரிவாயுக் கலவையில் ஏறக்குறைய 65 பங்குதான் இருக்கும். குழாயும் வடிகட்டியும் மூச்சை இறுக்குவதால் இன்னும் கொஞ்சம் போகும். மொத்தத்தில் 100 குதிரையில் 40, 50 குதிரை காணாமல் போய்விடும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளியதை நினைவு வைத்திருந்த பாட்டன்மார் உண்டு.

போன குதிரைகளைப் பிடிக்க, கரிவாயு வண்டிகளுக்கு உலகமெங்கும் அன்று செய்த சிகிச்சைகள் நான்கு.

முதலாவது, வாயுவைக் குளிர வைப்பது. அடுப்பிலிருந்து வரும் வாயு கொதிக்கும். சூடான வாயு விரிந்து இடத்தை அடைக்கும். குளிர்ந்தால் சுருங்கும், ஒரே சிலிண்டரில் அதிகம் கொள்ளும். ஆகவே நீளக் குழாய்களைப் பஸ்ஸுக்கு அடியிலோ பக்கவாட்டிலோ ஓட்டிக் காற்றுப்பட வைத்தார்கள்.

இரண்டாவது, அமுக்கத்தைக் கூட்டுவது. பெட்ரோலை ரொம்ப அமுக்கினால் நேரத்துக்கு முன்னால் வெடித்துத் தட்டும். கரிவாயு அப்படித் தட்டாது. சிலிண்டரின் தலையைக் கடைந்து உயரத்தைக் குறைத்தாலோ, உயரமான பிஸ்டன் போட்டாலோ, 5, 6 மடங்கு அமுக்கும் எஞ்சினை 8, 9 மடங்குக்குக் கொண்டுபோகலாம். பலம் கூடும்.

மூன்றாவது, தீப்பொறி நேரம். கரிவாயு மெதுவாக எரியும். பெட்ரோலுக்கு வைத்த நேரத்தில் பொறி விட்டால், அது முழுக்க எரிவதற்குள் பிஸ்டன் கீழே போய்விடும். ஆகவே 10 முதல் 15 டிகிரி வரை முன்கூட்டியே பொறி விடவேண்டும். இதற்குச் செலவே கிடையாது. ஸ்பானர் பிடித்த கையும், சத்தத்தைக் கேட்டுச் சொல்லும் காதும் இருந்தால் போதும்.

நான்காவது, சுத்தம். இதுதான் உயிர்நிலை. வடிகட்டியில் தப்பிய சாம்பல் எஞ்சினுக்குள் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சிலிண்டரைத் தேய்த்துவிடும். சில மாதத்தில் எஞ்சினே போய்விடும். தினமும் வடிகட்டியைப் பிரித்து உதறி, கழுவி, திரும்பப் பூட்ட வேண்டும். ஒரு நாள் சோம்பினால் ஒரு வருஷத் தேய்மானம்.

இத்தனையும் செய்தாலும் முழுக் குதிரையும் திரும்பவில்லை. ஓரளவு திரும்பியது. அந்த அளவே பஸ்ஸைச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கப் போதுமாயிருந்தது. இதில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாத விஷம். மூடிய ஷெட்டில் கசிந்தால் ஆளைச் சாய்த்துவிடும். கரிக்காக மரமும் நிறைய வெட்டுப்பட்டது. யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்ததும் பஸ்கள் முதுகுச் சுமையை இறக்கிவிட்டன. ஆபத்துக்கு உதவிய உறவாக அதை ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தேய்ந்த டயருக்கு மறுபிறவி

எஞ்சின் ஓடினாலும் டயர் வேண்டுமே! மலேயா போனபின் புது ரப்பர் எங்கே கிடைக்கும்? அதற்கும் ஐயங்கார் அதே வழியில் யோசித்தார். டயரில் தேய்வது ரோட்டில் படும் மேல்தோல்தான். உள்ளே இருக்கும் நூல்கட்டு நன்றாகவே இருக்கும். மேல்தோலைச் சுரண்டி, புது ரப்பரை வைத்துச் சூட்டில் வேகவைத்தால் டயர் மறுபடி ஓடும். இதற்காக ஒரு தொழிற்சாலையை ஏற்படுத்தினார். வைகைக்குத் தென்கரையில், கோச்சடையில் டி.வி.எஸ். குடும்பத்தின் ரப்பர்த் தொழில் பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்தது. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்ற ஸ்தாபனங்களும் ஏற்பட்டன.

கரி அடுப்பையும் பழைய டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த மனிதரின் வழி புரியும். இல்லாததற்காக அழுவதில்லை. இருப்பதில் என்ன மிச்சம் என்று பார்ப்பது. மிச்சத்தைச் சீர்படுத்தி வேலை வாங்குவது.

வீட்டுக்குள் ஒரு திருப்பம்

அவருக்கு ஐந்து புதல்வர்கள், மூன்று புதல்விகள். புதல்வர்கள் தந்தையின் தொழிலிலேயே பழகினார்கள். அவர்களில் சந்தானம் 1954ல் சுந்தரம் பைனான்ஸ் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். லாரி வாங்கப் பணமில்லாதவர்களுக்குத் தவணையில் கடன் கொடுத்து, ஒற்றை வண்டிக்காரர்கள் பலரை முதலாளியாக்கிய ஸ்தாபனம் அது.

புதல்வியரில் சௌந்தரம் 1904ல் பிறந்தவர். இளம் வயதில் டாக்டர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அந்த நாளில் இப்படிப்பட்ட பெண் வீட்டு மூலையில்தான் உட்காரவேண்டும் என்பது உலக வழக்கு. சௌந்தரம் டில்லிக்குப் போய் லேடி ஹார்டிங்கே கல்லூரியில் வைத்தியம் படித்து டாக்டரானார். ஆசாரமான ஒரு பெரிய குடும்பத்தில் அந்தக் காலத்தில் இது சாமானிய காரியமல்ல. பிறகு காந்தியடிகளின் ஆசியுடன் 1940ல் ஜி. ராமச்சந்திரனை மணந்தார். 1947ல் இருவருமாகத் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவினார்கள். சௌந்தரம் அம்மையார் 1952ல் ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும் 1957ல் வேடசந்தூர்த் தொகுதியிலிருந்தும் சட்டசபைக்கும், 1962ல் திண்டுக்கல்லிலிருந்து பார்லிமெண்டுக்கும் போனார். மத்திய சர்க்காரில் கல்வித் துறை உதவி மந்திரியாகவும் இருந்தார். விளாங்குடி வழியாகப் போகும் திண்டுக்கல் சாலையில் பிரயாணம் செய்தால் காந்திகிராமத்தை இன்றும் பார்க்கலாம். தகப்பனார் மோட்டார்களுக்கு உயிர் கொடுத்தார். மகள் கிராமங்களுக்கு வைத்தியம் கொண்டுபோனார்.

கோடையில் முடிவு

1955ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 28ந் தேதி, கொடைக்கானலில் இருந்த தம் இல்லத்தில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். வயது 78. ஒற்றைத் துணிச்சலில் ஆரம்பித்த பஸ் தொழில் தென்னாட்டின் பெரிய மோட்டார் ஸ்தாபனமாக வளர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டே அவர் போனார்.

அவருக்குப் பிறகு குடும்பம் வண்டியின் உறுப்புகளையே செய்யத் தொடங்கியது. 1960களின் ஆரம்பத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக ஸ்தாபனங்கள் எழுந்தன. சக்கரமும் பிரேக்கும் மின்சாரச் சாமானும் நம் நாட்டிலேயே கிடைக்கலாயின. 1972ல் தமிழ்நாடு சர்க்கார் மதுரைப் பஸ்களை எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை ஏற்படுத்தியது. டி.வி.எஸ். பஸ் என்ற பெயர் ரோட்டிலிருந்து மறைந்தது. பிற்காலத்தில் குடும்பத்தின் தொழில்களும் கிளை கிளையாகப் பிரிந்தன. ஆனால் மதுரையில் டி.வி.எஸ். நகர் இருக்கிறது. அந்தப் பட்டறைகளில் ஸ்பானர் பிடித்துப் பழகியவர்கள் சுற்றுப்புறத்துப் பட்டறைகளுக்கெல்லாம் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோனார்கள்.

விளாங்குடி டிராக்டருக்கு விடை

இனி, சாக்கின்மேல் சாமான்களைப் பரப்பிவிட்டுக் குந்தியிருக்கும் நம் சம்சாரியிடம் திரும்புவோம். 35ஐ 45 ஆக்க முடியுமா என்று கேட்டாரே, சுந்தரம் ஐயங்காரின் பட்டறை வழியில் அவருக்கு என்ன விடை?

முதலில், இப்போது 35 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. பல ஆயிரம் மணி நேரம் உழுத எஞ்சினில் 28 இருந்தாலே பாக்கியம். போன ஏழு குதிரையைத் திரும்பப் பிடித்தாலே வண்டி புதிது மாதிரி இருக்கும். சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன், ரிங் போடுவது, வால்வைத் தேய்த்து உட்கார வைப்பது, பம்பையும் நாசிலையும் கருவியில் வைத்து அளந்து சரிப்படுத்துவது, டீசல் பீய்ச்சும் நேரத்தைக் கம்பெனிக் கணக்குப்படி வைப்பது, ரேடியேட்டரைக் கழுவுவது, காற்று வடிகட்டிக்கு எண்ணெய் மாற்றுவது. இவ்வளவும் அந்த ஏழைத் திரும்பப் பிடிக்கும் வேலைகள்.

பெரிய பிஸ்டன் போட்டால் சக்தி ஏறாதா என்பார் சிலர். 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரை 91 ஆக்கினால் கொள்ளளவு 100க்கு 2 பங்குதான் கூடும். 35 குதிரையில் அது முக்கால் குதிரை. அதற்குமேல் கடைந்தால் சுவர் மெலிந்துவிடும்.

பம்பைத் திருகி அதிக டீசல் விடலாமே என்பார் இன்னும் சிலர். இதுதான் எல்லோருக்கும் ஆசை காட்டும் வழி. முதல் நாள் வண்டி சீறும். ஆனால் எரிவதற்குக் காற்று வேண்டும். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் மிச்சம் கரும்புகையாகப் போகும். புகைக்குழாயில் போவது நம் காசு. சூடு ஏறிப் பிஸ்டன் வெடிக்கும். ஹெட்டில் கீறல் விழும். கிளச்சும் கியரும் தங்கள் கணக்குக்கு மேல் பாரம் தாங்காமல் கையை விரிக்கும். அறுவடை நேரத்தில் வண்டி நின்றால் ஆசைப்பட்ட ஐந்து குதிரையால் வந்த லாபத்தைப்போல் பத்து மடங்கு போய்விடும்.

எத்தனை குதிரை என்று வாயால் சொல்வதையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் டிராக்டர் வியாபாரிகள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லி விவசாயிகளை ஏமாற்றியதால்தான் நெப்ராஸ்கா மாகாணம் 1919ல் சட்டமே போட்டது. மறு வருஷத்திலிருந்து ஒவ்வொரு டிராக்டரையும் சோதித்துப் பார்த்து அளவை வெளியிட்டார்கள். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்து புத்னியில் உள்ள மத்திய சர்க்கார் நிலையம் இந்த வேலையைச் செய்கிறது. டிராக்டரின் பின்புறத்தில் கதிரடிக்கும் யந்திரத்தை ஓட்டும் தண்டு இருக்கிறதே, அதில் அளவுக் கருவியைப் பூட்டினால் உண்மை தெரிந்துவிடும். கருவி கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. ரிப்பேருக்கு முன் ஓர் ஏக்கரை எத்தனை மணியில், எத்தனை லிட்டரில் உழுதது, ரிப்பேருக்குப் பின் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும்.

யுத்த காலத்தில் கரி பஸ்ஸை ஓட்டியவர்களுக்குப் புது எஞ்சின் கிடைக்கவில்லை. நல்ல எண்ணெயும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் கரியும், பழைய வண்டியும், தினமும் வடிகட்டியைக் கழுவும் பொறுமையும்தான். அதை வைத்துக்கொண்டே அவர்கள் மேடு ஏறினார்கள். அப்பா வாங்கிய டிராக்டரை விற்க மனமில்லாத மகனுக்கு வேறு யோசனை தேவையில்லை. காற்று வடிகட்டியைக் கழற்றி, அதில் எத்தனை நாள் புழுதி இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து வேலையை ஆரம்பிக்கட்டும்.